நெஞ்சு ஆபரேஷன்

"நெஞ்சுல ஆபரேஷன்னா சும்மாவா? மாடிப்படி ஏற விடாத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. குரு நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

உண்மையில் அவன் மனைவி ஷோபனாவின் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. மார்பில் சின்னக் கட்டி. புற்றுநோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். பெண்டாட்டியின் மார்பைப் பற்றி ஊர் பேசுமே என்று கூசிப்போய், 'நெஞ்சு ஆபரேஷன், ஹார்ட்டு' என்று செஞ்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான் அந்த மகராசன்.

வல்லத்திலிருந்து அவன் அக்கா மங்கை ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தாள். ஆபரேஷன் ஆன மூன்று மாதத்தில் இது மூன்றாவது தடவை. பையைக் கீழே வைக்காமல் மார்போடு அணைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாடா?"

"இல்லக்கா. பதினஞ்சு நாளு கரண்ட் வச்சாங்க, முடிஞ்சிடுச்சு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கதிர்வீச்சுக்கு ஊரில் அதுதான் பெயர்.

"ஹார்ட்டுக்கு எதுக்குடா கரண்டு? புத்துக் கட்டிக்குத்தான வைப்பாங்க?"

"இப்ப... புதுசா ஹார்ட்டுக்கும் வைக்கிறாங்கக்கா." குருவுக்கு வியர்த்துவிட்டது.

டீயோடு வந்த ஷோபனா டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"போதும் நிறுத்துங்க. நோவு எனக்கு. எனக்கே வெக்கமில்ல, உங்களுக்கு இன்னா வெக்கம்?" நாத்தனார் பக்கம் திரும்பினாள். "மார்லதான் கட்டி, அண்ணி. அதையும் சுத்தி கொஞ்சம் சதையையும் எடுத்தாங்க, அவ்ளோதான்."

"முழுசா அறுத்துடலியா?" மங்கை பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சின்னதா இருக்கும்போதே போயிட்டோம். மாரு அப்படியேதான் இருக்குது."

குரு தலையைக் குனிந்துகொண்டான். கூடப் பிறந்தவளிடமே மூன்று மாதமாகப் பொய் சொன்ன வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது.

மங்கை திட்டவில்லை. அத்தனை நேரம் அணைத்திருந்த பையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"எனக்கும் இருக்குதுடா, மூணு மாசமா. நீ ஹார்ட்டுன்னதும், எனக்கு மட்டுந்தான் இந்த அசிங்கம்னு வாய மூடிக்கினு போயிட்டேன்."