வெட்டா, ட்ரையா?

"உன் பேச்சைக் கேட்டு வெட் போட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

கார்ப் பந்தயத்தில் கடைசியாக வந்தவர் கத்திய கத்தலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. வேகம் கூட்டும் நைட்ரஸ் வாயு மட்டும் இன்ஜினுக்குள் போனால் ட்ரை. கூடவே பெட்ரோலும் போனால் வெட். வெட்தான் பத்திரம் என்று சொன்னது மெக்கானிக்.

"நான் அப்பவே ட்ரைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மாப்ளே" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் கூட வந்திருந்த அவர் மச்சான்.

"பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். ஆமை மாதிரி ஊர்ந்துச்சு! உனக்கெல்லாம் எதுக்குய்யா பட்டறை?"

மெக்கானிக் டிக்கியைத் திறந்து வாயு சிலிண்டரைக் கழற்றினார். கையில் தூக்கியவர் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"தப்பு என்னோடதுதான் சார். சரி பண்ணித் தர்றேன்."

"ஒத்துக்கிட்டான் பாரு!" மச்சான், தானே பந்தயத்தில் ஜெயித்த முகத்தோடு, போன் பேச வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் சிலிண்டரைத் தராசில் வைத்து, பந்தயக்காரருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நிரப்பிக் கொடுத்தப்ப இருந்த அதே எடை சார். துளி வாயுகூடக் குறையல. ஓட்டறதுக்கு முன்னாடி இந்த வால்வைத் திறக்கணும்னு சொல்ல வந்தேன். 'எனக்கே பாடம் எடுக்கறியா'ன்னு கிளம்பிட்டீங்க."

பந்தயக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இதை... எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னா எப்படி இருக்கும்னு, எனக்கு இப்பதானே சார் தெரிஞ்சுது."