ஏழு முதல் எட்டு வரை

போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மனைவி ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

“நெட்டு இன்னும் சுத்துது” என்றாள்.

அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

போனைச் சார்ஜரில் சொருகிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

இறங்கி வரவில்லை.

மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தெட்டு வயது.



போன் பூட்டிக் கிடந்தது. நான்கு எண் போட்டால்தான் திறக்கும். மகள் பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தோம். கல்யாண வருடம். பழைய வீட்டு எண். இன்னும் இரண்டு தடவை தப்பானால் எல்லாம் அழிந்துவிடும் என்று துக்கத்துக்கு வந்த யாரோ சொன்னார்கள். நிறுத்திக்கொண்டோம்.

மூன்று வருடப் படங்கள் அதற்குள் இருந்தன. வேறு எங்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஒன்றே ஒன்று செய்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அதைச் சார்ஜில் போட்டேன். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அணைந்துபோக விட மனம் வரவில்லை.

வைஃபை பெட்டியையும் அதே ஏழு மணிக்குத்தான் போடுவேன். சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிடும் நேரம் அது. எட்டு மணிக்கு நடக்கக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுவேன். முப்பத்தொரு வருடம் மின்கம்பம் ஏறியவன். வேலை இல்லாத இடத்தில் கரண்டு ஓடுவது எனக்கு ஆகாது.

அந்த ஒரு மணி நேரமும் நெட் இழுத்தது. மகளின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும்.

“அப்பா, வாய் அசையுது, சத்தம் வரல.”

ஐந்து மாதம் இப்படியே போனது.

கொழுந்தியாள் பாண்டிச்செல்வி ஒருநாள் கேட்டாள். “அக்கா போன் சும்மாதான கிடக்கு அத்தான். எம் மக காலேஜுக்குப் போறா.”

கடையில் கொடுத்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் திறந்து தருவார்களாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.



வியாழன் காலை ஏழரைக்கு நெட் கம்பெனியிலிருந்து செல்வின் வந்தார். நான் புகார் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

வைஃபை பெட்டியின் முன்னால் குத்தவைத்து, தன் போனில் எதையோ பார்த்தார்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இன்னொரு போன் மொத்தத்தையும் இழுக்குல்லா.”

“எங்கிட்ட ஒரே போன்தான்.”

“ரெண்டு காட்டுதே.”

அலமாரியில் சார்ஜில் கிடந்த அவள் போனைக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். தொடவில்லை.

“மதினி போனா?”

“பூட்டிக் கிடக்கு. அது என்ன செய்யும்?”

“பூட்டு நமக்குத்தான் அண்ணாச்சி. அது பாட்டுக்கு வேலை பாக்குது. உள்ள இருக்க படத்தையெல்லாம் நெட்டு வழியா மேல ஏத்திக்கிட்டிருக்கு. சார்ஜும் வைஃபையும் சேர்ந்து கிடைச்சாத்தான் ஏத்தும். எவ்வளவு நேரம் போட்டு வைப்பீங்க?”

சொன்னேன்.

“ஒரு மணி நேரமா? வீட்டுக்குள்ளயும் மின்வெட்டு வச்சிருக்கீங்க.”

சிரித்துவிட்டு, சட்டென்று கேட்டார். “இடையில ஒருநாளாவது சார்ஜ் இறங்கி அணைஞ்சுதா?”

“இல்ல.”

“நல்லவேளை. அணைஞ்சிருந்தா அந்த நாலு நம்பரைப் போடாம மறுபடி ஒண்ணும் ஏத்தாது. அங்கேயே நின்னிருக்கும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“ஏறி எங்க போகுது?”

அவர் என் போனைக் கேட்டு வாங்கினார். அது அவள் முன்பு வைத்திருந்த போன். புதியது வாங்கியதும் எனக்குத் தந்தாள். அதில் பேசுவதும் செய்தி படிப்பதும் தவிர நான் எதையும் திறந்ததில்லை. செல்வின் ஓரிடத்தில் அழுத்தினார்.

“இதுலயும் மதினி கணக்குதான் கிடக்கு. அதுலேருந்து ஏறினதெல்லாம் இங்கயும் தெரியும், பாருங்க.”

கொடி நிறையத் துணி. கேஸ் ரசீது. தீபாவளிக்கு எடுத்த புடவையின் கரை. வாய் திறந்து தூங்கும் நான்.

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

“வீடியோ இன்னும் பாக்கி இருக்கும்” என்றார் செல்வின். “பத்து நாளைக்கு ரெண்டையும் அணைக்காதீங்க. உங்க கைதான் சும்மா இருக்கணும்.”



பத்து மணிக்குப் பாண்டிச்செல்வி வந்தாள். இன்னும் பத்து நாள் ஆகட்டும் என்றேன்.

“போன் கொடுக்கவுமா நாள் பாக்கீங்க அத்தான்?”

“ஆமா” என்றேன். அவளுக்குக் காபி போட்டேன். ஐந்து மாதத்தில் நானாக ஒருவருக்குக் காபி போட்டது அன்றுதான். எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “காட்டுங்க” என்றாள்.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். முகம் உறைந்து நின்றது.

“நெட்டு ஆள் வந்து பாத்தாரா இல்லையாப்பா?”

“பாத்தாரு. இழுக்கட்டும் விடு” என்றேன்.

அன்றைக்கு வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு எரிய எரிய வீட்டைப் பூட்டிக்கொண்டு நடக்கப் போனேன்.

இப்போது படங்கள் முழுக்க வந்துவிட்டன. நாலாயிரத்துச் சொச்சம். எல்லாம் அவள் எடுத்தவை. அதனால் எதிலும் அவள் இல்லை.

பாதிப் படங்களில் மேல்மூலையில் அவள் விரல் விழுந்திருக்கிறது.