இன்னொரு வாய் தண்ணீர்

அடைக்கோழி ஒன்று கூடையில் முட்டைகளின் மேல் பல நாளாக உட்கார்ந்திருந்தது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாதென்று கூடைக்குள் போட்டிருந்த இரும்புத் துண்டு அதன் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

சேவல் வந்து நின்றது. “இன்னையிலிருந்து வைக்கோல் போர் மேல ஏகாந்தமா இருக்கப் போறேன். யாரும் கூப்பிடக் கூடாது.”

“ஏகாந்தம்னா என்னங்க?”

“தனியா, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிறது. யாரோடும் பேச்சு கிடையாது. சரியான சாப்பாடுகூடக் கிடையாது.”

கோழி யோசித்தது. “அப்போ நானும் இத்தனை நாளா அதுலதான இருக்கேன்?”

சேவலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போடி பைத்தியம். உன்னோடது அடை.”

கோழிக்கு வாதாடத் தெம்பில்லை. “தொண்டை வறண்டு போச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் முட்டை மேல கொஞ்சம் உட்காருங்களேன்.”

“அதெப்படி? நான்தான் ஏகாந்தத்துல இருக்கேனே” என்று சேவல் போர் மேல் ஏறிக்கொண்டது.

முட்டைகளின் சூடு ஆறுவதற்குள் திரும்பியாக வேண்டும். கோழி தண்ணீர்த் தொட்டிக்கு ஓடியது. தாகம் தீர்ந்த பிறகும் சற்று அங்கேயே நின்றது. முதுகில் வெயில் இதமாகப் பட்டது. விலாவில் எதுவும் குத்தவில்லை. ‘இதுதானா அந்த ஏகாந்தம்’ என்று நினைத்துக்கொண்டது.

“அங்க என்னடி நிக்கிறே? முட்டை ஆறிடாதா?” என்று போர் உச்சியிலிருந்து சேவல் கத்தியது.

கோழி நிமிர்ந்து பார்க்கவில்லை. தாகமே இல்லாமல் இன்னொரு வாய் தண்ணீரை மெதுவாகக் குடித்தது. பிறகு கூடைக்குப் போய், இன்னும் ஆறாத முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.