பதினொன்றாம் நம்பர் குட்டி

"இதுல எது அந்த அம்மாவோட குட்டி?" கோமளம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தாள். நான்கு வட்டத் தொட்டிகள், தொட்டிக்கு ஒரு வெள்ளெலி.

"எந்த அம்மா, மாமி?"

"மனசு சரியில்லாத அம்மான்னு சொன்னியே, அந்த எலி."

அதிதிக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அஷ்வத்தின் அம்மா கோமளம், பக்கத்து ஏரியா அடுகோடியில் ஒரு வேலை இருந்ததாகச் சொல்லிக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வாசல் செக்யூரிட்டியிடம் "நம்ம சொசெ" என்று கன்னடத்தில் மருமகள் உறவு சொல்லி நுழைந்தவள், பத்து நிமிஷமாக எலிகளைப் பற்றியே துருவுகிறாள்.

அதிதி பத்தாவது படித்தபோது அவளுடைய அம்மா ஒரு வருஷம், ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் படுத்துக் கிடந்தாள். டிப்ரஷன். இன்றைக்கும் மாத்திரை உண்டு. "கேட்டாச் சொல்லிக்கலாம். நாமளா எதுக்கு வாயைக் குடுக்கணும்?" என்று நாணு சித்தப்பா பேச்சை முடித்துவிட்டார். அஷ்வத்தை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் அதிதியும் வாயைத் திறக்கவில்லை.

"எது எதுன்னு எனக்கே தெரியாது மாமி. நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் எந்த அம்மாவோடதுங்கற லிஸ்ட் க்ளென்கிட்ட இருக்கு. கூட வேலை பாக்கறவன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பிரிப்போம்."

"ஏன், உன் மேல நம்பிக்கை இல்லையா அவனுக்கு?"

"என் கண்ணு மேல எனக்கே இல்லை. முன்னாடியே தெரிஞ்சுட்டா, அது சும்மாத் தூங்கினாக்கூட, பாவம், சோர்ந்து கிடக்குன்னு எழுதிடுவேன்."

"பொண்ணு பாக்கப் போறச்சே இப்படிப் பண்ணணும். ஊர், பேர், குலம், கோத்திரம் எல்லாத்தையும் மூடி வச்சுட்டு." கோமளம் சிரித்தாள். அதிதியால் சிரிக்க முடியவில்லை.

"சரி, நன்னா இருக்கற அம்மாவை எப்படி மனசு சரியில்லாம பண்றேள்?"

"கூடு கட்டறதுக்கு மரத்தூளும் காகிதமும் ரொம்பக் கொஞ்சமாக் குடுப்போம். கட்டறதும் கலைக்கறதுமா தவிச்சுப் போயிடும். குட்டிகளை நக்கிக் குடுக்கறது குறைஞ்சுடும்."

"நக்கறதுல அப்படி என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அதிதி தன்னை மறந்துவிடுவாள். ஒரு காகிதத்தை இழுத்து மூளையை வரைந்தாள். பார்ப்பதற்கு முந்திரிப்பருப்பு மாதிரி இருந்தது.

"பயந்தா உடம்புல ஒரு ஹார்மோன் ஏறும். ஏறட்டும், ஓடித் தப்பிக்கணுமே. ஆனா போதும்னு அதை இறக்க மூளையில ஒரு பிரேக் வேணும். பொறந்த முதல் வாரம் அம்மா நக்க நக்கத்தான் அந்த பிரேக் கெட்டியா அமையறது. அம்மா சரியா நக்கிக் குடுக்காத குட்டிக்கு பிரேக் லூஸ். பெருசானப்புறம் இப்படித் தொட்டியில விட்டா சுவரோரமாவே ஒட்டிண்டு ஓடும். நடுவுக்கு வராது."

"அப்ப அவ்வளவுதானா அது?" கோமளத்தின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லை மாமி. அதையே எடுத்து, நன்னா நக்கற வேற அம்மாகிட்ட விட்டா தைரியமா வளந்துடறது. பெத்தவ மட்டும் இல்லை, வளக்கற கையும் சேர்ந்துதான். ஆனா எலியை வச்சு மனுஷாளைச் சொல்லிட முடியாது."

கோமளம் காகிதத்திலிருந்த அந்த முந்திரிப்பருப்பின் மேல் விரலை வைத்தாள். "வளந்தப்புறம், அது கூட ஜோடி சேர்ற எலிக்கு ஏதாவது கஷ்டம் வருமா?"

பென்சில் நின்றது. இதைத்தான் கேட்க வந்திருக்கிறாள். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நாங்க அதை அளக்கலை மாமி."

திரையில் பதினொன்றாம் நம்பர் எலி சுவரை விட்டு இரண்டடி வைத்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. மறுபடி ஓரத்துக்கே ஓடிவிட்டது.

"இது அந்த அம்மாவோடதுதானே?"

"சொல்ல முடியாது. நல்ல அம்மாவோட குட்டிகூடச் சில நாள் அப்படித்தான்."

"தெரியாம இருக்கறதே நல்லதுங்கறே."

"அளக்கறவாளுக்கு நல்லது."

"கூட வாழப்போறவாளுக்கு?"

அதிதிக்குச் சித்தப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"மாமி, எங்கம்மாவுக்கு டிப்ரஷன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் மாத்திரை சாப்பிடறா. நாங்க உங்ககிட்ட மறைச்சுட்டோம். அஷ்வத்துக்கும் தெரியாது. நீங்க என்ன முடிவு பண்ணினாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"அது தெரியும். உங்கம்மாவே போன வாரம் போன் பண்ணிச் சொல்லிட்டா. உங்க சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னா."

அதிதி நிமிர்ந்தாள். "அப்ப நீங்க இவ்வளவு நேரம் கேட்டது?"

கோமளம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அஷ்வத் பொறந்து எட்டு மாசம், மனசு சரியில்லாம, நான் அவனைக் கையால தொடலை, அதிதி. அதை உன்கிட்ட யாரும் சொல்லலையே."