சன்னாசியின் கடிகாரம்

விற்ற சாமானைப் பில் இல்லாமல் திருப்பி எடுப்பதில்லை என்று அட்டன் கடைவீதியில் வீம்பாக இருந்தவர் காசிம் முதலாளி. தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் தப்பு மேளம் அடித்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையே எழுப்பிவிடும் சன்னாசி, போன வாரம் வாங்கிய கடிகாரத்தை அவர் மேசையில் வைத்தார்.

“கோளாறுங்க மொதலாளி. மாத்திக் குடுங்க.”

“பில் எங்க?”

“நீங்க எப்பங்க பில்லு குடுத்தீங்க?”

“அப்ப இது என் கடைச் சாமானே இல்ல.”

“மாத்தாமப் போனா லயத்துல என்னய உரிச்சுப்புடுவாங்க. பொண்டாட்டியே சோறு போட மாட்டேங்குறா.”

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது என்பது காசிமுக்கும் தெரியும். மனம் இளகி, ரேடியோவில் மணி சொன்னபோது கடிகாரத்தை ஒத்துப் பார்த்தார். முள் இம்மியும் பிசகவில்லை.

“அட, சரியாத்தானே ஓடுது!”

“அதாங்க கோளாறு. செத்துப்போன பழசு அரைமணி பிந்தி ஓடுச்சு. அதப் பாத்துத்தான் தப்படிச்சேன். சனம் நல்லாத் தூங்குச்சு.”

“தோட்டத்துத் தொரை கண்டுபிடிக்கலியா?”

“தொரை அவரு கடிகாரத்தத் திருத்தி வைக்கிறதே என் தப்புச் சத்தத்தக் கேட்டுத்தாங்க.”

காசிம் அந்தக் கடிகாரத்தை மெல்ல உள்ளே தள்ளினார்.

“கத்தாத. அலமாரியில இருக்கிறதுல எத வேணும்னாலும் எடுத்துக்க. எல்லாமே பிந்துறதுதான்.”