ரயிலடிப் படம்

“நல்லாப் பாருங்கண்ணே. நாலு பெட்டி. எல்லாம் ஒரே படம், ஒரே அட்டை.”

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மகேஷ் செல்போனை ராசாங்கத்தின் மூக்குக்கு நேரே நீட்டினான். லெப்பைக்குடிக்காட்டில் அப்துல் நாசர் வீட்டு வாசலில் பெட்டி இறக்கியபோது முந்தாநாள் அந்தப் பக்கம் போன அவன் எடுத்த போட்டோ. ஒரு பெட்டி வாய் கிழிந்து, உள்ளே அடுக்கியிருந்த ப்ளூரே டிஸ்க்குகள் தெரிந்தன.

“பாய் காப்பி போட்டு விக்கிறாருண்ணே. இத சென்னை கம்பெனிக்கு இப்பவே அனுப்பிடவா?”

“அவசரப்படாத. மொதல்ல நேர்ல கேட்டுருவோம்” என்றார் ராசாங்கம்.

பழைய தமிழ்ப் படங்களைத் துடைத்து மெருகேற்றி டிஸ்க்காக வெளியிடும் கம்பெனி அது. ஒரு டிஸ்க்குக்கு நூறு பேர் பதிந்தால்தான் அடுத்த படத்தில் கை வைக்கும். ‘நூறும் வித்தாச்சு’ என்று அறிவிப்பு வரும்போதெல்லாம், நம்மைப்போல் இன்னும் தொண்ணூற்றேழு பைத்தியங்கள் நாட்டில் இருக்கிறார்களே என்று இந்த மூன்று பைத்தியங்களும் பூரித்துப்போகும்.

ராசாங்கம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி எடைபோடும் வேலையில் இருப்பவர். மகேஷுக்கு சிறுவாச்சூரில் செல்போன் கடை, நாசருக்குச் சொந்த ஊரிலேயே ஜவுளிக் கடை. அடுத்து எந்தப் படம் வரும் என்று வாட்ஸ்அப்பில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் மூவருக்கும் உபதொழில்.

அதில் நாசர் சொன்னது மட்டும் ஐந்து தடவையும் அச்சுப் பிசகாமல் பலித்திருந்தது. ஜோசியக்காரனுக்கே பத்துக்கு நாலுதான் பலிக்கும். இன்று காலையிலும் ஒன்று போட்டிருந்தார்: ‘அடுத்தது ராசாங்கண்ணன் கேக்குற ரயிலடிப் படந்தான். பிரிண்ட் கெடச்சிருச்சு. எழுதி வச்சுக்குங்க.’

வேறு நாளாக இருந்தால் ராசாங்கம் துள்ளிக் குதித்திருப்பார். அரியலூர் ரயிலடியில் எடுத்த படம் அது; சின்ன வயதில் கொட்டகையில் பார்த்தது. அதில் பதினோரு வினாடி, மோர்ப்பானையோடு ஒருத்தி நடந்து வந்து, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போவாள்.

ராசாங்கம் ஏழு வயதில் பறிகொடுத்த அம்மா. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. யூடியூபில் கிடக்கும் காப்பியில் அந்த இடம் வெட்டுப்பட்டிருந்தது.

திருட்டு டிஸ்க் விஷயம் தெரிந்தால் கம்பெனி கடையைச் சாத்திவிடும். அம்மாவும் வர மாட்டாள். கோழி குருடாக இருந்தால் என்ன, குழம்பு ருசியாக இருந்தால் சரி என்று பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தார். நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பஸ்ஸில் மகேஷ் வாய் ஓயவில்லை. “நமக்கு எப்பவும் நம்பர் ஒண்ணும் ரெண்டும்தான் வருது. பாய்க்கு மட்டும் அம்பது, எழுபதுன்னு பின்னாடியே வருதாம். ஒரு தடவையாவது டிஸ்க்க கண்ணுல காட்டியிருக்காரா?”

பதிந்த வரிசைப்படி அட்டையில் எண் போட்டு அனுப்புவது கம்பெனி வழக்கம். போன தடவை ராசாங்கம் மறந்துபோய்க் கடைசி நாள் சாயங்காலம்தான் பதிந்தார். அப்போதும் இரண்டாம் எண்தான் வந்தது. கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

“வாங்க வாங்க! ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?” என்று வரவேற்ற நாசர், அவசரமாகப் போய் உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினார். மகேஷ் ராசாங்கத்தைப் பார்த்தான்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி மர்ஜியா, “இன்னிக்காவது இவங்ககிட்டச் சொல்லிருங்க. வூட்ல அரிசி மூட்ட வைக்க எடமில்ல” என்றாள்.

“நீ சும்மா இரு!” என்று நாசர் அதட்டினார்.

மகேஷ் டம்ளரைக் கீழே வைத்தான். “எத்தன காப்பி அடிச்சு வித்தீங்க பாய்?”

நாசர் முகம் வெளுத்துவிட்டது. “அல்லா மேல ஆணையா ஒண்ணுகூட விக்கல தம்பி.”

மகேஷ் எழுந்து போய்க் கதவைத் தள்ளினான். தரையிலிருந்து பரண்வரை டிஸ்க். ஐந்து படங்களும் தனித்தனி அடுக்காக இருந்தன. எதற்கும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

ராசாங்கம் ஓர் அடுக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினார். கம்பெனியின் அசல் முத்திரை. எண் மூன்று. அடுத்ததை எடுத்தார். நான்கு. அதற்கடுத்தது ஐந்து.

“உங்களுது எழுபதுன்னு சொன்னீங்களே பாய்?”

“அதுவும் அதுக்குள்ளதாண்ணே இருக்கு.”

நாசர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கடைசி நாள் கம்பெனிக்காரன் எனக்குப் போன் பண்ணி, எத்தன கொறையுதுன்னு சொல்லுவான். அடுத்து என்ன படம் போடலாம்னும் எங்கிட்டத்தான் கேப்பான். நூறு சேரலன்னா மூடிட்டுப் போயிருவாண்ணே. அப்பறம் நீங்க அம்மாவ எப்படிப் பாப்பீங்க?”

ராசாங்கம் கையிலிருந்த டிஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“எத்தன பாய் கொறையும்?”

“உங்க ரெண்டு பேரு போக, எப்பவும் தொண்ணூத்தெட்டுண்ணே.”