கவிதையில் ஒரு கட்டி

தையல்காரம்மா அனுப்பிய கவிதையைப் படித்து வாரப் பத்திரிகை ஆசிரியர் சொக்கிப்போனார்.

"'தள்ளிப்போட்ட கனவு, இடது மார்பில் கடலையளவு கட்டி.' என்னமா உருவகம்!"

பிழை திருத்தும் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. தையல்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கட்டி நிஜமாவே இருக்கா?"

மறுமுனையில் தையல் மெஷின் ஓசை நின்றது.

"ஆறு மாசமா இருக்கும்மா. பயத்துல யார்கிட்டயும் சொல்லல. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கனவுக்கு ஏதுக்கா இடப்பக்கம், வலப்பக்கம்?"

மறுநாளே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது. ஆபத்தில்லாத கொழுப்புக் கட்டிதான்.

தையல்காரம்மா அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கவிதையில அந்த வரியை எடுத்துடவா?"

"கட்டியை மட்டும் எடுங்கக்கா. வரி இருக்கட்டும்."